நான் கேட்ட தோட்டா

ஆல்டர் ஓடை மீன் முகாம், அலாஸ்கா
1994 ஜூன் 14

வெர்லின்,

உன் தங்கை மகன் டார்வின் மீன்பிடிப் படகில் வேலைக்குப் போகிற வழியில், உன் பெட்டிகளை எங்கள் விமானி எம்மெட்டிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். வந்து சேர்ந்தன. நன்றி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு இந்தக் கடிதத்தில் அது கிடைக்காது.

நான் என்ன கேட்டேன்? வசந்தம் பிறந்ததுமே போனில் சொன்னேன். என் ரிவால்வருக்கு நடுத்தரமாக ஒரு தோட்டா செய்து கொடு. குண்டும் நடுத்தர எடை, உள்ளே மருந்தும் நடுத்தரம். என் கை தாங்க வேண்டும், ஒரு தடவை சுட்ட பிறகு மறுபடியும் குறி வைக்க வர வேண்டும். நீ "ம், ம்" என்றாய். இத்தனை வருஷம் உன்னோடு குடித்தனம் நடத்தியவளுக்கு, நீ "ம்" போட்டால் காது வேறெங்கோ இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டாமா?

வந்தது என்ன? ஒரு பெட்டியில் பஞ்சு மாதிரித் தோட்டா, மேலே உன் கையெழுத்தில் 'பழக'. இன்னொன்றில் பீரங்கிக் குண்டு, மேலே 'கரடிக்கு'. நடுவில் ஒன்றுமே இல்லை. கரடிப் பெட்டியிலிருந்து ஒன்றே ஒன்று சுட்டுப் பார்த்தேன். ரிவால்வர் எகிறி என் நெற்றியைத் தொடப் பார்த்தது. கட்டை விரல் அடியில் இன்னும் வீங்கியிருக்கிறது. என்னோடு இங்கே மீன் எண்ணுகிற ஈவான் (இந்தப் பக்கத்து யூப்பிக் பழங்குடி ஆள், தங்கமானவன், ஆனால் வாய் சும்மா இருக்காது) வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இது கரடியக் கொல்றதுக்கா, இல்ல உன்னக் கொல்றதுக்கா?"

"என் முன்னாள் புருஷன் செஞ்சு அனுப்புனது."

"அப்ப ரெண்டாவதுதான்."

வெர்லின், இது விளையாட்டு இல்லை. தினமும் காலையில் நான் ஓடையோரமாகத் தனியாக நடந்து போய், சால்மன் மீன்களை நிறுத்தி எண்ணுவதற்காகக் கட்டியிருக்கிற வேலியடியில் உட்கார வேண்டும். அது கரடிகளுக்கும் சாப்பாட்டு மேசை. ஈவானின் ஷாட்கன் ஈவானோடு போய்விடும். என் உயிருக்குக் காவல் என் இடுப்பில் தொங்குகிற இது ஒன்றுதான். கடையில் வாங்கிக்கொள் என்று சொல்லாதே. கடைக்கு விமானத்தில் போக வேண்டும், அங்கே இருப்பதும் மான் சுடுகிற சரக்கு. தோட்டாவைத் தபாலில் அனுப்பச் சட்டமும் இடம் தராது. யாராவது இந்தப் பக்கம் வந்தால், நான் கேட்டதைச் செய்து கொடுத்தனுப்பு.

லோர்னா


டெல் ஃபோர்க், ஐடஹோ
ஜூன் 25

லோர்னா,

கரடி என்ன, நடுத்தரமாகவா வரும்?

நீ பொறுமையாக இதைப் படிக்க வேண்டும். கடையில் விற்கிற குண்டின் நுனியில் ஒரு குழி இருக்கும். தோலில் பட்டவுடன் காளான் மாதிரி விரியும். மானுக்கு அது போதும். அலாஸ்காக் கரடியின் தோளில் அது கொழுப்பைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடும். உனக்கு நான் வார்த்தது கெட்டி ஈயம். தட்டை மூக்கு. விரியாது, திரும்பாது, எலும்பை உடைத்துக்கொண்டு நேரே போகும். கனமானதும்கூட. பித்தளைக் குப்பிக்குள் மருந்துக்கு இடம் வேண்டும் என்பதற்காக மூக்கை வெளியே நன்றாக நீட்டி உட்கார வைத்திருக்கிறேன். குப்பியின் வாயை மென்மையாகத்தான் மடித்தேன், ஏனென்றால் அழுத்தி மடித்தால் குண்டு நசுங்கிக் குறி கெடும். இதையெல்லாம் கடைக்காரன் உனக்குச் செய்து தருவானா?

சும்மா செய்து அனுப்பவில்லை. வீட்டுக்குப் பின்னால் வேகம் அளக்கிற கருவியை நிறுத்தி, மணல் மூட்டையில் கையைச் சாய்த்து, என் நீளக் குழல் ரிவால்வரில் ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றாகச் சுட்டு, ஒவ்வொன்றின் வேகத்தையும் பார்த்தேன். ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை. இரட்டைப் பிள்ளைகள் தோற்றுப் போகும். கிளீட்டின் முடிதிருத்தகத்தில் சொன்னபோது எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

நம் ஊரில் எல்லோரும் செய்வதைச் செய். லேசானதில் பழகு, கனமானதை இடுப்பில் வை. கரடி எதிரே நிற்கும்போது கை வலிக்குமா என்று யாருக்கும் தோன்றாது. கரடிப் பெட்டியைப் பழக்கத்துக்குச் சுட்டு வீணாக்காதே.

உன் பிடிதான் சரியில்லை என்று நினைக்கிறேன். ஆகஸ்டில் நானே வந்து சரி செய்து தருகிறேன். டிக்கெட் விசாரித்துவிட்டேன்.

கிளீட் உன்னைக் கேட்டான். "பொண்டாட்டி எப்படி இருக்கா?" என்றான். "முன்னாள்" என்றேன். "அப்ப ராத்திரி பகலா யாருக்குடா ஈயம் காய்ச்சற?" என்று கேட்டுச் சவரக் கத்தியால் கழுத்தில் கீறிவிட்டான், மடையன்.

வெர்லின்


ஆல்டர் ஓடை
ஜூலை 6

வெர்லின்,

வராதே.

டிக்கெட் விசாரித்துவிட்டாயாம். என்னை விசாரித்தாயா? வரட்டுமா என்று ஒரு வார்த்தை? இது நான் சம்பாதித்துக்கொண்ட வேலை, நான் சம்பாதித்துக்கொண்ட கூடாரம். நான் கூப்பிட்டால் வா. கூப்பிடவில்லை.

அந்தப் படகு ஞாபகம் இருக்கிறதா? ஒருத்தியே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு சின்னப் படகு வேண்டும் என்று கேட்டேன். ஒரு குளிர்காலம் முழுக்க உளியும் கையுமாக இருந்து செய்தாய். அழகாகத்தான் இருந்தது, யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தூக்குவதற்கு மூன்று பேர் வேண்டும். "ஆத்துல கவுந்துறக் கூடாதுல்ல, கெட்டியா இருக்கட்டும்" என்றாய். அதில் நான் ஒரு நாள்கூடத் தனியாகப் போனதில்லை. அதற்காகவேதான் அப்படிச் செய்தாயோ என்று வக்கீல் அறையில் கையெழுத்துப் போடக் காத்திருந்தபோது யோசித்தேன்.

இப்போது அதே படகைத் தோட்டாவாக அனுப்பியிருக்கிறாய்.

நீ சொன்னபடி பழகிக்கொண்டுதான் இருக்கிறேன். மணல் திட்டில் காகிதத் தட்டு ஒன்றை நட்டு, லேசானதில் சுடுகிறேன். நன்றாகவே படுகிறது. பிறகு அதையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, உன் பீரங்கிகளை நிரப்பிக்கொண்டு வேலிக்குப் போகிறேன். மீன் வந்துவிட்டது. ஓடை செக்கச் செவேலென்று கிடக்கிறது. பின்னாலேயே காது கிழிந்த பெண் கரடி ஒன்று இரண்டு குட்டிகளோடு வந்திருக்கிறது. தினமும் கொஞ்சம் கிட்டே வருகிறது.

லோர்னா


ஆல்டர் ஓடை
ஜூலை 16

உன் பதில் வருகிறவரை பொறுக்க முடியவில்லை. எழுதாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

நேற்றுக் காலை பனிமூட்டம். வேலியில் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கினால் காது கிழிந்தவள் இந்தக் கரையில் நிற்கிறாள். குட்டிகள் எனக்குப் பின்னால். இரண்டுக்கும் நடுவில் நான். பின்வாங்க இடமில்லை, ஒரு பக்கம் இடுப்பளவு தண்ணீர்.

அவளுக்கு முன்னால் சரளையில் ஒன்று சுட்டேன். நின்றாள். இன்னொன்று. முன்னங்கால்களைத் தரையில் அடித்துக்கொண்டு இரண்டடி வந்தாள். மூன்றாவதைக் காலடியிலேயே சுட்டேன், கல் தெறித்தது. அதற்கும் போகவில்லை, தலையைத் தாழ்த்திக்கொண்டு வர ஆரம்பித்தாள். இனி மிரட்டல் இல்லை, உடம்பில்தான் என்று நெஞ்சுக்குக் குறி வைத்து விசையை இழுத்தேன்.

இழுபடவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தேன். தோட்டா இருக்கிற உருளையைப் பெருவிரலால் தள்ளினேன், சுழலவில்லை. பக்கவாட்டில் திறக்கவும் மாட்டேன் என்கிறது. மீதி மூன்று தோட்டா உள்ளே இருக்கிறது, எனக்கு அதில் ஒன்றுகூடக் கிடைக்காது. கையில் இருந்தது ஒரு இரும்புத் துண்டு, வெர்லின். உன் இரட்டைப் பிள்ளைகள் இருந்த இரும்புத் துண்டு.

ஈவான் சுட்ட சத்தம் கேட்டு, ஷாட்கன்னை ஒரு கையிலும் சட்டி மூடியை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். சுடவில்லை. மூடியைப் பாறையில் தட்டிக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி அவளிடம் பேசினான்: "சரி சரி, தப்பு எங்களோடதுதான். உன் புள்ளைங்க அந்தா இருக்கு, கூட்டிட்டுப் போ. அவ நகந்துக்குவா. லோர்னா, எடது பக்கம் நகரு, ஓடாத." நகர்ந்தேன். குட்டிகள் தாயிடம் ஓடின. அவள் போனாள்.

பிறகு என்னைப் பார்த்து, "நல்லாத்தான போயிட்டிருந்துது, ஏன் நடுவுல நிறுத்திட்ட?" என்றான். சிரித்தேன். கூடாரத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டு, நன்றாக அழுதேன். பயந்துதான் போனேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

என்ன செய்து வைத்திருக்கிறாய்?

லோ.


டெல் ஃபோர்க்
ஜூலை 24

லோர்னா,

உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. இரண்டாவதைப் படித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். நீ உயிரோடு இருக்கிறாய், அது போதும்.

ஆனால் தோட்டாவில் குறை இருக்க வாய்ப்பே இல்லை. ஒவ்வொன்றையும் அளந்து பார்த்துத்தான் பெட்டியில் வைத்தேன். ஈரத்தில் கிடந்த ரிவால்வர், சரளை மண், மீன் செதில். உருளைக்கு அடியில் ஏதாவது மாட்டியிருக்கும். அல்லது உன் பிடி தளர்ந்திருக்கும், நான்தான் சொன்னேனே. பதற்றத்தில் விசையை முழுக்க விட்டுப் பிடிக்காமல் இருந்திருப்பாய். எல்லோருக்கும் நடப்பதுதான். கழற்றி எண்ணெய் போட்டு நன்றாகத் துடை.

எல்லாவற்றுக்கும் என்னைக் குற்றம் சொல்வது உனக்குப் பழகிவிட்டது.

வெர்லின்


ஆல்டர் ஓடை
ஜூலை 31

வெர்லின்,

மீன் செதிலாம்.

ஈவான் மரச்சுத்தியலால் தட்டித்தட்டி உருளையைத் திறந்தான். உள்ளே ஒரு துளி மண் இல்லை. நாலாவது அறையில் இருந்த தோட்டாவின் குண்டு குப்பியைவிட்டு நழுவி முன்னால் வந்து, உருளைக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு ரிவால்வரின் இரும்புச் சட்டத்தில் முட்டி நின்றது. ஐந்தாவதும் பாதி வழி வந்துவிட்டது. ஆறாவதும் கிளம்பிவிட்டது.

எனக்கே புரிகிறது, உனக்குப் புரியாதா? ஒவ்வொரு தடவை சுடும்போதும் ரிவால்வர் பின்னால் எகிறுகிறது. மிச்சமிருக்கிற குப்பிகளும் அதோடு பின்னால் போகின்றன. கனத்த குண்டு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அதைப் பிடித்துக்கொள்ள வேண்டிய வாயை நீ மென்மையாக மடித்து வைத்திருக்கிறாய். உன்னுடையது நீளக் குழல், கனமான ரிவால்வர், அவ்வளவாக எகிறாது. என்னுடையது குட்டை, லேசு. ஏற்கனவே நீட்டி வைத்த மூக்கு இன்னும் நீள எவ்வளவு நேரம் ஆகும்?

நான் லேசானதில் பழகினேன், அது நழுவவில்லை. கரடித் தோட்டாவை வீணாக்காதே என்று நீ சொன்னதால் அதை வரிசையாக நான் சுட்டதே இல்லை. முதல் தடவை வரிசையாகச் சுட்டது அவள் எதிரே நின்றபோதுதான்.

நழுவியதை உனக்குத் தபாலில் அனுப்ப முடியாது. அதனால் கீழே பென்சிலால் சுற்றி வரைந்திருக்கிறேன். இடது பக்கம் பெட்டியிலிருந்து எடுத்தது. வலது பக்கம் நாலாவது அறையில் இருந்தது. உன்னிடம் மிச்சம் இருப்பதில் ஒன்றை எடுத்து மேலே வைத்துப் பார். பிறகு, என்னுடையது போன்ற குட்டைக் குழல் ரிவால்வர் யாரிடமாவது இரவல் வாங்கி, ஆறு அறையையும் நிரப்பிச் சுடு. ஒவ்வொன்றாக இல்லை. ஆறையும்.

அதைச் செய்த பிறகு எழுது. அதற்கு முன்னால் உன் கையெழுத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. குற்றம் சொல்வது எனக்குப் பழக்கமாம். வெர்லின், எனக்கு வாழ்க்கை முழுக்க உன்னிடம் கேட்டுத்தான் பழக்கம்.

லோர்னா


டெல் ஃபோர்க்
ஆகஸ்ட் 8

லோர்னா,

உன் பென்சில் கோட்டின்மேல் என் தோட்டாவை வைத்தேன். இடது பக்கம் பொருந்தியது. வலது பக்கம் பொருந்தவில்லை.

அப்போதும் நம்பவில்லை. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நீ வளைத்து வரைந்திருப்பாய் என்று நினைத்தேன். கிளீட்டிடம் குட்டைக் குழல் ஒன்று இருக்கிறது, கேட்டேன். அவனும் கூடவே வந்தான், அவனைக் கழற்றிவிட முடியாது. குவாரியில் போய் ஆறையும் நிரப்பினோம். மூன்று வெடித்தது. நாலாவதுக்கு விசை இறுகிவிட்டது. கிளீட் அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்து, "பரவால்லடா, கரடி வந்தா இதாலயே மண்டையில ஒன்னு போடலாம். நல்ல கனம்" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். கிளீட் வாயை மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒவ்வொன்றாகப் போட்டு ஒவ்வொன்றாகச் சுட்டேன். வேகம் அளக்க அப்படித்தான் வசதி, நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். பக்கத்து அறையில் இன்னொன்று காத்துக்கொண்டிருந்தால் அதற்கு என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ கேட்டதையும் நான் அப்படித்தான் கேட்டிருக்கிறேன் போலிருக்கிறது.

மிச்சம் இருந்த கரடித் தோட்டாவை எல்லாம் பிரித்துக் கொட்டிவிட்டேன். உன்னிடம் இருப்பதையும் தொடாதே. வேறு தோட்டா வருகிறவரை பழகுகிற பெட்டியிலிருந்து நிரப்பிக்கொள், அதுவாவது சுழலும். ஈவானைவிட்டுத் தனியாகப் போகாதே. இல்லை, அதை நீ பார்த்துக்கொள்.

படகைப் பற்றி எழுதியிருந்தாய். நேற்றுப் பின்பக்கம் போய் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தேன். கனம்தான்.

டார்வின் அடுத்த மாதம்தான் திரும்புவான். தோட்டாவைக் கொடுத்தனுப்ப ஆள் இல்லை. ஒரு வழி பார்க்கிறேன்.

வெர்லின்


கிங் சால்மன் விமானத் தளம், அலாஸ்கா
ஆகஸ்ட் 14

லோர்னா,

பயணப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் தோட்டாவுக்கு அனுமதி உண்டு. அதனால் கொண்டுவந்தேன். இந்தக் கடிதத்தை எம்மெட் உன்னிடம் தரும்போது பெட்டியையும் தருவான்.

நீ கேட்டதுதான். நடுத்தரக் குண்டு, நடுத்தர மருந்து. மூக்கு நீட்டிக்கொண்டு இல்லை. குண்டைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடுகிறதல்லவா, அதற்குள் குப்பியின் வாயை அழுத்தி மடித்திருக்கிறேன். கிளீட்டின் குட்டைக் குழலில் ஆறையும் நிரப்பி, ஐந்தைச் சுட்டுவிட்டு, ஆறாவதை வெளியே எடுத்து நீ வரைந்த மாதிரி நானும் வரைந்து, பெட்டியிலிருந்து எடுத்த ஒன்றின் கோட்டோடு வைத்துப் பார்த்தேன். ஒரு மயிரிழைகூட நகரவில்லை. சலிக்கிறவரை திரும்பத் திரும்பச் செய்தேன். கிளீட் காது வலிக்கிறதென்று வீட்டுக்குப் போய்விட்டான். பெட்டியின் மேல் ஒன்றும் எழுதவில்லை. அது எதற்கான தோட்டா என்பது உனக்குத் தெரியும்.

இதையும் நம்பாதே. நீயே சுட்டுப் பார். வீணாகாது.

எம்மெட்டின் விமானத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. "ஏறிக்குங்க சார், இந்தா இருக்கு முகாம், ஒரு காப்பி குடிச்சுட்டுத் திரும்பிரலாம்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டான். "இல்லப்பா, அவ கூப்பிடல" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

சாயங்கால விமானத்தில் ஊர் திரும்புகிறேன்.

வெர்லின்


ஆல்டர் ஓடை
ஆகஸ்ட் 17

வெர்லின்,

எம்மெட் எல்லாவற்றையும் சொன்னான். அவனிடம் ரகசியம் தங்காது. தளத்துச் சாப்பாட்டுக் கடையில் ஆப்பிள் பை இரண்டு துண்டு சாப்பிட்டாயாம். விமானம் கிளம்பியதும் ஓடுபாதை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாயாம். மேலே திரும்பியபோதும் நின்றுகொண்டிருந்தாயாம். ஐடஹோவிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டு, கடைசிக் கொஞ்ச தூரத்தை விட்டுவிட்டுப் போகிற மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஈவானைக் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை.

மணல் திட்டுக்குப் போனேன். ஆறையும் நிரப்பினேன். வரிசையாகச் சுட்டேன். நாலாவதுக்கு விசையை இழுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன், அது தட்டில் படவில்லை. ஐந்தாவதும் ஆறாவதும் பட்டன. ஆறும் வெடித்தன, வெர்லின். கை வலிக்கவில்லை. மறுபடியும் நிரப்பிக்கொண்டு நேற்று மீன் வேலிக்குத் தனியாகப் போனேன். காது கிழிந்தவள் அந்தக் கரையில் உட்கார்ந்து மீன் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் எண்ண ஆரம்பித்தேன்.

கேட்டதைக் கொடுத்தாய். முதல் தடவை.

ஆனால் ஒன்று. நான் கூப்பிடாமல் வராதே என்று எழுதினேன், அதையும் அப்படியே கேட்டுத் தொலைத்திருக்கிறாய். அடுத்த தடவை ஓடுபாதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு விமானத்தைப் பார்க்காதே. வரட்டுமா என்று கேள். வேண்டாம் என்று சொன்னாலும் சொல்வேன். ஆனாலும் கேள்.

லோர்னா